பாலைவனக் கேன்யன் சாலையில் எட்டு இரவுகள்: எங்கே நிற்பது, எப்போது நிற்பது

சிங்கப்பூரில் காரோட்டிப் பழகியவருக்குத் தூரம் என்பது சாங்கியிலிருந்து துவாஸ் வரைதான். ஐம்பது கிலோமீட்டர் போனால் தீவு முடிந்துவிடும். அதனாலோ என்னவோ, வெளிநாட்டில் நீண்ட சாலை ஒன்று கிடைத்துவிட்டால் நமக்கு ஒரு வெறி பிடித்துக்கொள்கிறது. ஏழு நாளில் பதினைந்து இடம் பார்த்தே ஆகவேண்டும் என்று அட்டவணை போடுகிறோம். நானும் முதலில் அப்படித்தான் போட்டேன். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் என் மகள் அதைப் படித்துவிட்டு, "அப்பா, இதுல சாப்பிடற நேரமே இல்லையே" என்றாள். கிழித்துவிட்டு மறுபடி எழுதினோம்.

இரண்டாம் முறை எழுதியபோது தூரத்தை விட்டுவிட்டுச் சூரியனைக் கணக்கில் எடுத்தோம். அமெரிக்காவின் தென்மேற்கில் நெவாடா, யூட்டா, அரிசோனா மூன்றும் சந்திக்கும் பகுதியில் உள்ள இந்தக் கேன்யன்கள், அதாவது ஆழ்ந்த பாறைப் பள்ளத்தாக்குகள், எல்லாம் செம்பாறைகள். உச்சி வெயிலில் அவை வெளிறிப்போய்த் தட்டையாகத் தெரியும். அதே பாறை காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் உள்ளே விளக்கேற்றி வைத்ததுபோல் இருக்கும். பாலைத் திணைக்கு நண்பகலைப் பொழுதாக வைத்தார்கள் நம் முன்னோர். பிரிவைப் பாட அது சரியான நேரமாக இருக்கலாம், பாறையைப் பார்க்க அதைவிட மோசமான நேரம் இல்லை. எனவே ஒவ்வொரு நாளும் சூரியன் உதிக்கும்போது எங்கே நிற்கிறோம், மறையும்போது எங்கே நிற்கிறோம் என்பதை மட்டும் முதலில் முடிவு செய்யுங்கள். நடுவில் உள்ள நேரம் காரோட்டவும் சாப்பிடவும் தூங்கவும்.

கீழே உள்ள வழி லாஸ் வேகஸில் தொடங்கி அங்கேயே முடியும் ஒரு வட்டம். மொத்தம் சுமார் 1,600 கிலோமீட்டர், அதாவது பினாங்குக்குக் காரில் போய்த் திரும்புவதைவிடக் கொஞ்சம் அதிகம். நாங்கள் நான்கு பேர் போனோம்: நான், மனைவி, மகள், எழுபதை நெருங்கும் என் அம்மா. ஆகையால் நடக்க முடியாதவர்கள் எங்கே என்ன செய்வது என்பதும் இதில் வரும்.

முதல் படி: எந்த மாதம்?

பள்ளிப் பிள்ளைகள் இல்லையென்றால் ஏப்ரல் கடைசி முதல் மே வரை, அல்லது செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் வரை. யோசிக்கவே வேண்டாம்.

பிள்ளைகள் இருந்தால் ஜூன் அல்லது டிசம்பர் என்றுதான் ஆகிவிடுகிறது. நாங்கள் ஜூன் முதல் வாரம் போனோம். லாஸ் வேகஸில் 40 டிகிரியைத் தாண்டும் வெயில், ஆனால் பிரைஸ் கேன்யனில் அதிகாலையில் பல் கிட்டித்தது. ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை அங்கே மழைக்காலம். நம் ஊர் மழைபோல் கொட்டிவிட்டு ஓய்வதோடு முடியாது. பல கிலோமீட்டர் தள்ளிப் பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே குறுகிய கேன்யனுக்குள் சுவர்போல் வந்து மோதும். டிசம்பரில் பிரைஸிலும் கிராண்ட் கேன்யனிலும் பனி கொட்டும். சிவப்புப் பாறைமேல் வெள்ளைப் பனி அழகுதான், ஆனால் பனிச்சாலையில் ஓட்டிய அனுபவம் இல்லாத நமக்கு அது வேண்டாத விஷப்பரீட்சை.

இரண்டாம் படி: தாள்கள், பணம், முன்பதிவு

சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்கள் விசா இல்லாமல், எஸ்டா என்ற இணைய அனுமதி மட்டும் எடுத்துப் போகலாம். கட்டணம் சுமார் 40 அமெரிக்க டாலர், இரண்டு ஆண்டுகள் செல்லும். இந்தியக் கடப்பிதழோடு நிரந்தரவாசியாக இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. நேப்பியர் சாலையில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணல், சுற்றுலா விசா எல்லாம் உண்டு. என் மனைவிக்கு அப்படித்தான் எடுத்தோம். விமான டிக்கெட்டுக்கு முன்னால் இதைத் தொடங்குங்கள்.

ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்திலேயே இருப்பதால் பிரச்சினை குறைவு. ஆனாலும் சிங்கப்பூர் வாகன ஓட்டிகள் சங்கத்தில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதி ஒன்றை வாங்கிக் கையில் வைத்திருப்பது நல்லது. நடுவழியில் போலிஸ் நிறுத்தினால் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

தேசியப் பூங்காக் கட்டணம் மாறிவிட்டது, கவனியுங்கள். நாங்கள் போனபோது 80 டாலர் ஆண்டு பாஸ் ஒன்று முழு வண்டிக்கும் போதுமாக இருந்தது. 2026 ஜனவரியிலிருந்து அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு ஆண்டு பாஸ் 250 டாலர். அது இல்லாமல் போனால், சையான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் உட்பட 11 பூங்காக்களில், 16 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவருக்கும் வழக்கமான நுழைவுக் கட்டணத்தோடு 100 டாலர் கூடுதல். இந்த வழியில் அப்படிப்பட்ட பூங்காக்கள் மூன்று இருக்கின்றன. நான்கு பேர் குடும்பத்துக்குக் கணக்குப் போட்டாலே தெரியும், பாஸ்தான் மலிவு. நவஹோ பழங்குடிகளின் நிலத்தில் உள்ள இடங்களுக்கும் ஹார்ஸ்ஷூ பெண்டுக்கும் இந்த பாஸ் செல்லாது. அதற்குத் தனியாகக் காசு எடுத்து வையுங்கள்.

முன்பதிவில் அவசரமானவை மூன்று: ஆன்டலோப் கேன்யன் சுற்றுலா, மானுமென்ட் வேலியில் ஓர் இரவு, கிராண்ட் கேன்யனின் தென்கரையில் தங்குமிடம். கடைசியது பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். கிடைக்காவிட்டால் பூங்கா வாசலை ஒட்டியுள்ள டுசையான் என்ற சிற்றூரில் தங்கலாம்.

மூன்றாம் படி: காரும் பழக்கமும்

சிங்கப்பூரிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் நேரடி விமானம் உண்டு, அங்கிருந்து லாஸ் வேகஸுக்கு இன்னொரு குட்டி விமானம். இறங்கிய அன்று காரைத் தொடாதீர்கள். கோடையில் அவர்கள் நேரம் நமக்குப் பதினைந்து மணி பின்னால். உடம்பு எந்த நாளில் இருக்கிறது என்று அதற்கே தெரியாது. நன்றாகத் தூங்கி மறுநாள் வண்டியை எடுங்கள்.

வலப்பக்கம் ஓட்டுவது அரை நாளில் பழகிவிடும். பழகாதது இரண்டு. ஒன்று, நான்கு பக்கமும் நிறுத்தப் பலகை உள்ள சந்தி. முதலில் வந்து நின்றவர் முதலில் போகவேண்டும். மற்றது, சிவப்பு விளக்கில் முழுவதுமாக நின்று பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்பலாம் என்பது. தடைப் பலகை இருந்தால் மட்டும் கூடாது. நான் விளக்கு மாறட்டும் என்று காத்திருக்க, பின்னால் இருந்தவர் ஹார்ன் அடித்தே எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

பெட்ரோல் விஷயத்தில் நமக்கு ஒரு நல்ல பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. கடற்பாலத்தைத் தாண்டி ஜொகூருக்குப் போகும் சிங்கப்பூர்க் கார் முக்கால் டாங்கி வைத்திருக்க வேண்டும் அல்லவா? அந்தச் சட்டத்தை இங்கே நீங்களாகவே போட்டுக்கொள்ளுங்கள். ஊரை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் முக்கால் டாங்கிக்குக் குறையக்கூடாது. ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே நூறு கிலோமீட்டர் வெறுமையாக இருக்கும் இடங்கள் உண்டு. பம்பில் அட்டையைச் செருகினால் அமெரிக்க அஞ்சல் குறியீட்டைக் கேட்கும், நம் அட்டை அங்கே தடுமாறும். உள்ளே போய்க் காசாளரிடம் இவ்வளவு டாலருக்கு என்று சொல்லிக் கட்டிவிட்டு வந்து நிரப்புங்கள்.

கைப்பேசிச் சமிக்ஞை அடிக்கடி போய்விடும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு ஓட்டவே வேண்டாம். நவஹோ நிலத்தில் மாடும் குதிரையும் வேலி இல்லாமல் சாலையில் நிற்கும், கறுப்பு மாடு ஹெட்லைட்டில் தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

தண்ணீர்: ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர். நம் ஊரில் வியர்வை சட்டையில் ஒட்டிக்கொண்டு நம்மை எச்சரிக்கும். அங்கே காற்று அவ்வளவு வறட்சி, வியர்ப்பதே தெரியாமல் உலர்ந்துவிடும். தாகம் எடுக்கும் முன்பே தலைவலி வந்துவிடும். உதடு வெடிக்கும், மூக்குக்குள் ரத்தம் கசியும். அம்மா பையில் வைத்திருந்த தேங்காய் எண்ணெய்தான் நான்கு பேரையும் காப்பாற்றியது.

சாப்பாட்டுக்கு முஸ்தபா கடையில் வாங்கிய புளிக்காய்ச்சல், ஊறுகாய், முறுக்கு, ரவை எல்லாம் கொண்டுபோனோம். சின்ன மின்சார அரிசிப் பானையை லாஸ் வேகஸில் வாங்கிக்கொண்டோம். அவர்கள் மின்னழுத்தம் வேறு என்பதால் நம் வீட்டுப் பானை வேலைக்காகாது. விமான நிலையச் சுங்கச் சோதனையில் உணவு இருக்கிறது என்று உண்மையைச் சொல்லுங்கள். இறைச்சி, பழம், பச்சைக் கறிவேப்பிலை மூன்றும் வேண்டாம். கறிவேப்பிலை எலுமிச்சை இனச் செடிகளைத் தாக்கும் பூச்சியைச் சுமந்துவரும் என்பதால் அதற்குத் தடை.

சரி, இனி சாலை.

முதல் நாள்: வேலி ஆஃப் ஃபயர், பிறகு சையான்

காலை ஆறரைக்கே கிளம்புங்கள். லாஸ் வேகஸிலிருந்து ஒரு மணி நேரத்தில் வேலி ஆஃப் ஃபயர் மாநிலப் பூங்கா வந்துவிடும். முன்பு மணல்மேடாக இருந்து இறுகிய செம்பாறைகள். மௌசஸ் டேங்க் சாலை மேடும் பள்ளமுமாக வளைந்து போகும் இடத்தில் இறங்கி நின்று பாருங்கள். அட்லாட்டில் ராக் என்ற பாறையில் பழங்குடிகள் செதுக்கிய உருவங்கள் உண்டு, உயரமான இரும்புப் படி ஏறவேண்டும். கோடையில் பல நடைபாதைகளை வெப்பத்துக்காக மூடிவிடுவார்கள். பத்து மணிக்குள் பார்த்து முடித்துவிடுங்கள்.

அங்கிருந்து 15-ஆம் எண் நெடுஞ்சாலையில் வடகிழக்காகப் போகும்போது, அரிசோனாவின் மூலை ஒன்றை வெட்டிக்கொண்டு வெர்ஜின் ஆற்றின் குறுகிய பள்ளத்தாக்குக்குள் சாலை நுழையும். நிறுத்த வசதி குறைவு, ஓட்டுபவரைத் தவிர மற்றவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் சையான் வாசலில் உள்ள ஸ்பிரிங்டேலில் அறை எடுத்து, இரண்டு இரவு அங்கேயே.

சையானில் நீங்கள் மேலிருந்து பார்ப்பதில்லை, கேன்யனின் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறீர்கள். இந்த வழியில் உள்ள பெரிய கேன்யன்களில் இது ஒன்றுதான் அப்படி. ஆண்டின் பெரும்பகுதி உள்சாலையில் சொந்தக் காருக்கு அனுமதி இல்லை, இலவசப் பேருந்து ஓடும். மறுநாள் முதல் பேருந்தைப் பிடித்துக் கடைசி நிறுத்தத்துக்கே போய்விடுங்கள். அங்கிருந்து ஆற்றங்கரையை ஒட்டி ஒன்றேமுக்கால் கிலோமீட்டருக்குச் சமதளமான நடைபாதை. அம்மா தன் வேகத்தில் நடந்து, பாதை முடிந்து ஆறு மட்டுமே மிஞ்சும் இடத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். நானும் மகளும் அங்கிருந்து ஆற்றுக்குள்ளேயே நடந்தோம். நேரோஸ் என்று பெயர். இருபுறமும் சுவர் நெருங்கிவர, முழங்கால் தண்ணீரில் உருண்டைக் கற்கள்மேல் நடப்பது. வழுக்கும், கைத்தடி கட்டாயம். வெள்ள எச்சரிக்கை இருந்தால் இறங்கவே கூடாது.

ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற செங்குத்துப் பாதைக்கு 2022 ஏப்ரல் முதல் குலுக்கல் முறையில் அனுமதி வாங்கவேண்டும். எனக்கு உயரம் என்றால் பயம், ஆகையால் அதைப்பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள்: சுரங்கத்திலிருந்து பிரைஸ் வரை

இந்தப் பயணத்தில் காரோட்டுவதற்கென்றே ஒரு சாலை உண்டென்றால் அது சையானிலிருந்து கிழக்கே ஏறும் மவுண்ட் கார்மெல் சாலை. 1930-இல் திறந்த சுரங்கம், நீளம் 1.8 கிலோமீட்டர். பாறையைக் குடைந்து நடுநடுவே சன்னல்கள் வைத்திருக்கிறார்கள். உள்ளே நிற்கக்கூடாது, சன்னல் வெளிச்சம் மின்னி மறையும், அவ்வளவுதான். வெளியே வந்ததும் சிறிய நிறுத்துமிடம், அங்கிருந்து கேன்யன் ஓவர்லுக் பாதை போக வர ஒன்றரைக் கிலோமீட்டர். எட்டு மணிக்குமேல் போனால் இடம் கிடைக்காது. அடுத்து செக்கர்போர்ட் மேசா. மலையின்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். கிடைக்கோடுகள் ஜுராசிக் காலத்து மணல்மேடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த அடுக்குகள். செங்குத்துக் கோடுகள் பின்னால் விழுந்த விரிசல்கள்.

பிரைஸ் இரண்டு மணி நேரம். வழியில் 12-ஆம் எண் சாலையில் ரெட் கேன்யன் என்ற இடத்தில் சாலையே பாறை வளைவுக்குள் புகுந்து போகும், ஐந்து நிமிடம் நின்றால் போதும்.

பிரைஸ் உண்மையில் ஆறு குடைந்த கேன்யன் அல்ல. பீடபூமியின் ஓரம் அரித்துப்போய் ஆயிரக்கணக்கான கல்தூண்கள் நிற்கும் அரைவட்ட அரங்கு. 2,400 மீட்டருக்கு மேற்பட்ட உயரம். ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள்கள் இரவில் உறைந்து பகலில் உருகும் குளிர் அங்கே. விரிசலில் புகுந்த நீர் உறைந்து விரிந்து பாறையைப் பிளக்கிறது, மழை அதைச் செதுக்குகிறது. பையூட் பழங்குடிகள் சொல்லும் கதை வேறு. இவை எல்லாம் தீய செயல்களுக்காக கயோட்டி என்ற சிறு ஓநாய் போன்ற விலங்கின் வடிவத் தெய்வம் கல்லாக்கிவிட்ட மனிதர்கள் என்பார்கள். இதைச் சொன்னதும் அம்மா, "அப்போ ஊர்க்கூட்டமே அகலிகையா?" என்றார். அதற்குப் பிறகு எனக்கு அந்தத் தூண்கள் தூணாகத் தெரியவில்லை.

சாயங்காலம் அறையில் ஓய்வெடுத்து, இருட்டியதும் வெளியே வந்து வானத்தைப் பாருங்கள். செயற்கை வெளிச்சம் இல்லாத வானத்துக்காக அங்கீகாரம் பெற்ற பூங்கா அது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் விளக்கொளியில் வளர்ந்த பிள்ளைக்குப் பால்வீதியைக் கண்ணால் காட்டுவது இங்கே எளிது.

நான்காம் நாள்: விடியலில் பிரைஸ், மாலையில் பேஜ்

அலாரம் வைத்தே ஆகவேண்டிய நாள் இது. பிரைஸின் அரங்கு கிழக்கு நோக்கியது. பிரைஸ் பாயிண்ட் அல்லது இன்ஸ்பிரேஷன் பாயிண்டில் சூரியன் உதிக்கும் அரைமணி முன்பே நில்லுங்கள். கம்பளிச் சட்டை ஜூனிலும் வேண்டும். முதல் கதிர் பட்டதும் தூண்களின் நுனி பற்றிக்கொள்ளும். பிறகு வெளிச்சம் கீழே இறங்க இறங்க, ஒன்றின்மேல் பட்டுத் தெறித்த ஒளி அடுத்ததன் நிழல் பக்கத்தைச் சிவக்க வைக்கும். படம் எடுப்பதை அரைமணியில் நிறுத்திவிட்டு வெறுமனே பாருங்கள்.

பசியாறிய பின் கீழே இறங்கலாம். குயின்ஸ் கார்டன் வழியாக இறங்கி நவஹோ லூப் வழியாக ஏறுவது நல்லது, சுமார் ஐந்து கிலோமீட்டர், இரண்டு மூன்று மணி நேரம். ஏற்றம் 180 மீட்டர். புக்கிட் தீமா மலை 164 மீட்டர்தானே, பெரிய விஷயமா என்று நினைத்துக்கொண்டு நான் இறங்கினேன். 2,400 மீட்டர் உயரத்தில் காற்று மெல்லிசு என்பதை மறந்துவிட்டேன். ஏறும்போது பத்தடிக்கு ஒருமுறை நின்று காட்சியை ரசிப்பதுபோல் பாவனை செய்யவேண்டியிருந்தது. நடக்க முடியாதவர்களுக்கு, சன்ரைஸ் பாயிண்டுக்கும் சன்செட் பாயிண்டுக்கும் இடையே விளிம்பை ஒட்டித் தளம் போட்ட பாதை இருக்கிறது.

பிறகு கனாப் வழியாகப் பேஜ், மூன்று மணி நேரம். பேஜுக்கு முன்னால் 89-ஆம் எண் சாலையோரம் டோட்ஸ்டூல்ஸ் என்ற இடம். மெலிந்த தண்டின்மேல் பெரிய கல்லைக் கவிழ்த்து வைத்த காளான்கள். ஒன்றேகால் கிலோமீட்டர் நடந்தால் போதும், கட்டணமும் இல்லை. உச்சி வெயிலில் போகாதீர்கள், நிழலே கிடையாது.

ஐந்தாம் நாள்: பேஜ், கடிகாரம் பொய் சொல்லும் ஊர்

பேஜ் அரிசோனாவில் இருக்கிறது. அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. வடக்கே யூட்டா மாற்றும். அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவஹோ நிலமும் மாற்றும். பேஜ் இந்த மூன்றின் எல்லையில் உட்கார்ந்திருப்பதால், எந்தக் கோபுரத்தின் சமிக்ஞை கிடைக்கிறதோ அந்த நேரத்தைக் கைப்பேசி காட்டும். நாங்கள் கைப்பேசியை நம்பி ஆன்டலோப் கேன்யனுக்கு ஒரு மணி நேரம் முன்பே போய் வெயிலில் நின்றோம். அதில் பாடம் கற்றுக்கொண்டதாக நினைத்து, மறுநாள் மானுமென்ட் வேலிக்குப் பேஜ் நேரத்திலேயே போய் ஒரு மணி தாமதம். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு முன்பதிவின்போதும் எந்த நேரப்படி என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆன்டலோப் கேன்யன் மணற்பாறையில் வெள்ளம் குடைந்த பிளவு. உள்ளே சுவர்கள் துணி மடிந்ததுபோல் வளைந்து நெளியும். நவஹோ மக்களின் நிலம் என்பதால் வழிகாட்டியோடு மட்டுமே போகமுடியும். 1997 ஆகஸ்டில் தொலைவில் பெய்த மழையின் வெள்ளம் கீழ்ப்பகுதிக்குள் புகுந்து பதினொரு பயணிகள் உயிரிழந்தார்கள். மழை அறிகுறி இருந்து சுற்றுலாவை ரத்து செய்தால் முணுமுணுக்காமல் திரும்பிவிடுங்கள். மேல், கீழ் என இரண்டு பகுதிகள். மேல்பகுதி மணல் தரை, திரும்பும் வழியில் கொஞ்சம் படிகள். கூரைப் பிளவு வழியாக ஒளிக்கற்றை தூணாக இறங்கும் காட்சி கோடையில் நண்பகலை ஒட்டி இங்கேதான் கிடைக்கும். இந்தப் பயணத்தில் நண்பகலுக்கு மரியாதை உள்ள ஒரே இடம். கீழ்ப்பகுதிக்குச் செங்குத்தான இரும்பு ஏணிகள், முட்டிவலி உள்ளவர்களுக்கு ஆகாது.

ஹார்ஸ்ஷூ பெண்டை எல்லோரும் மாலையில் போய்ப் பார்க்கிறார்கள். கொலராடோ ஆறு குதிரை லாடம்போல் வளைந்து திரும்பும் இடம், விளிம்பிலிருந்து சுமார் 300 மீட்டர் பள்ளம். தஞ்சோங் பகாரில் இருக்கும் 290 மீட்டர் குவோகோ டவரை உள்ளே இறக்கி வைத்தாலும் தலை வெளியே தெரியாது. மாலையில் வானம் அழகுதான், ஆனால் சூரியன் எதிரே நின்று கண்ணைக் கூசவைக்கும், ஆறு இருட்டில் கிடக்கும். பச்சைத் தண்ணீர் தெரியவேண்டுமென்றால் காலை ஒன்பது பத்து மணிக்குப் போங்கள். நிறுத்துமிடத்துக்கு 10 டாலர். தடுப்புக் கம்பி சிறிய பகுதியில்தான் உண்டு, சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

பிற்பகலில் கிளென் கேன்யன் அணை. பின்னால் உள்ள பவல் ஏரியின் கரைப் பாறையில் வெள்ளையாக ஒரு பட்டை ஓடும். தண்ணீர் முன்பு எவ்வளவு உயரத்தில் நின்றது என்பதன் தழும்பு அது. நமக்குத் தண்ணீர் தர உதவும் ஜொகூரின் லிங்கியு நீர்த்தேக்கம் வற்றி, அதன் அளவு அடிக்கடி செய்தியில் வந்த 2016-ஐ நினைவில் வைத்திருப்பவர்கள் இந்தப் பட்டையை எளிதில் கடந்துபோக முடியாது.

நேரமும் தெம்பும் இருந்தால் முக்கால் மணி ஓட்டி நவஹோ பாலத்துக்குப் போய் வரலாம். 1929-இல் கட்டிய பழைய பாலத்தில் இப்போது நடக்க மட்டும் அனுமதி. 142 மீட்டர் கீழே ஆறு. இரும்புச் சட்டங்களில் கலிஃபோர்னியக் காண்டோர்கள் உட்கார்ந்திருக்கும். 1982-இல் உலகிலேயே 22 மட்டும் மிஞ்சியிருந்த பெரிய கழுகினம். எங்களுக்கு இரண்டு தெரிந்தன.

ஆறாம் நாள்: மானுமென்ட் வேலி

பேஜிலிருந்து இரண்டு மணி நேரம். நவஹோ நிலம் மூன்று மாநிலங்களில் பரந்தது, பரப்பு சுமார் 71,000 சதுர கிலோமீட்டர், ஏறக்குறைய நூறு சிங்கப்பூர். அவர்களுக்கென்று அரசும் சட்டமும் உண்டு. மது விற்பதும் வைத்திருப்பதும் தடை, டிரோன் தடை. ஆட்களைப் படம் எடுக்குமுன் கேளுங்கள்.

இங்கே மாலைதான் வேளை. பார்வையாளர் நிலையத்தின் முன் நின்றால் கையுறை வடிவில் இரண்டு பாறைகளும் மெரிக் பியூட் என்ற பாறைக்குன்றும் எதிரே கிழக்கில் இருக்கும். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இறங்க இறங்க அவை சிவந்துகொண்டே போகும். காலையில் அதே பாறைகள் கறுப்பு நிழலுருவாக நிற்க, பின்னால் வானம் விடியும். இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம், அதற்காகத்தான் ஓர் இரவு தங்கச் சொல்கிறேன். 27 கிலோமீட்டர் மண்சாலைச் சுற்று உண்டு. வாடகைக் காரின் காப்பீடு மண்சாலைக்குப் பெரும்பாலும் செல்லாது, ஆகையால் நவஹோ வழிகாட்டியின் ஜீப்பில் போவதே புத்திசாலித்தனம். ஜான் ஃபோர்ட் தம் கௌபாய் படங்களுக்குக் கேமரா வைத்த இடத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

163-ஆம் எண் சாலையில் வடக்கே இருபது கிலோமீட்டர் போய்த் திரும்பிப் பார்த்தால், நேர்க்கோடாக ஓடும் தார்ச்சாலையின் முடிவில் பாறைகள் வரிசையாக நிற்கும். எத்தனையோ படங்களில் பார்த்த காட்சி. நடுச்சாலையில் நின்று படம் எடுக்கிறார்கள். கண்டெய்னர் லாரி நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் சாலை அது, ஓரத்திலேயே நில்லுங்கள். இன்னும் கொஞ்சம் போனால் கூஸ்நெக்ஸ். சான் ஹுவான் ஆறு பத்துக் கிலோமீட்டர் சுற்றிச் சுற்றி ஓடி, நேர்க்கோட்டில் இரண்டரைக் கிலோமீட்டர்கூட நகராத இடம்.

ஏழு, எட்டு: கிராண்ட் கேன்யனுக்குக் கிழக்கு வாசல் வழியாக

பெரும்பாலோர் தெற்கு வாசலில் நுழைந்து கூட்டத்தோடு கூட்டமாக மேதர் பாயிண்டில் நிற்கிறார்கள். நீங்கள் கிழக்கிலிருந்து வருகிறீர்கள், அது உங்கள் அதிர்ஷ்டம். கேமரன் என்ற இடத்தில் 1916 முதல் இருக்கும் வணிக நிலையத்தில் மதியம் சாப்பிடுங்கள். நவஹோ டாக்கோ என்று கேளுங்கள். பூரிபோல் பொரித்த ரொட்டியின்மேல் அவரை, சீஸ், இலை எல்லாம் குவித்துத் தருவார்கள், ஒன்று இரண்டு பேருக்குப் போதும். இறைச்சி வேண்டாமென்றால் முன்பே சொல்லிவிடுங்கள்.

டெசர்ட் வியூ வாசலில் மேரி கோல்டர் வடிவமைத்து 1932-இல் எழுந்த கல்கோபுரம். அதன் உச்சியிலிருந்துதான் முதல் பார்வை. பள்ளம் 1,600 மீட்டர், புக்கிட் தீமா மலையைப் பத்து முறை அடுக்கவேண்டும். நீளம் 446 கிலோமீட்டர், கோலாலம்பூரையும் தாண்டிவிடும். எண்களால் ஒரு பயனும் இல்லை என்பது அங்கே நின்றதும் தெரிந்துவிடும். மகள் கைப்பேசியை எடுத்து, இரண்டு படம் எடுத்து, "இதுல வரமாட்டேங்குது" என்று உள்ளே வைத்துவிட்டாள்.

அங்கிருந்து ஊர்ப்பகுதி வரை சாலை 40 கிலோமீட்டர். நிற்கவேண்டியவை: ஆறு நன்றாகத் தெரியும் லிப்பன் பாயிண்ட், நிறங்களுக்கு மோரன் பாயிண்ட், அப்புறம் கிராண்ட்வியூ பாயிண்ட். கடைசி இடத்தை நம்மவர்கள் தவறவிடக்கூடாது. எதிரே கூம்பாக நிற்கும் பாறைச் சிகரத்தின் பெயர் விஷ்ணு டெம்பிள். அதை ஒட்டியே ராமர் பெயரிலும் கிருஷ்ணர் பெயரிலும் சிகரங்கள். மேற்கே தள்ளி பிரம்மாவும் சிவனும். 1880-களில் இந்தப் பகுதியை ஆய்ந்த கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளர், இந்த வடிவங்கள் கீழை நாட்டுக் கோயில்களை நினைவூட்டியதால் வைக்கத் தொடங்கிய பெயர்கள். கேன்யனின் அடித்தளத்தில் உள்ள 170 கோடி ஆண்டுப் பழைய பாறைக்கும் விஷ்ணு என்றே பெயர். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பாட்டி என்ன என்று கேட்க, என் மகள் விளக்கம் சொல்ல, அவரும் ஒரு கும்பிடு போட்டார்.

மறுநாள் விடியலுக்கு மேதர் பாயிண்ட், கூட்டம் இருந்தாலும் பரவாயில்லை. பிறகு யாவபை நிலவியல் அருங்காட்சியகத்திலிருந்து ஊர்ப்பகுதி வரை செல்லும் காலப்பாதையில் நடங்கள். ஒரு மீட்டர் நடந்தால் பத்து லட்சம் ஆண்டு. கேன்யனின் ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் எடுத்த பாறையைத் தொட்டுப் பார்க்க வைத்திருக்கிறார்கள். விளிம்பின் மேல்பாறைக்கு வயது 27 கோடி ஆண்டு. கீழே இறங்குவதை விட்டுவிட்டு இதைச் செய்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இறங்கியே ஆகவேண்டுமென்றால் சவுத் கைபாப் பாதையில் ஊ ஆ பாயிண்ட் வரை, ஒன்றரைக் கிலோமீட்டர், அதிகாலையில். இறங்குவது உங்கள் விருப்பம், ஏறுவது கட்டாயம் என்று அங்குள்ள ரேஞ்சர்கள் சொல்வார்கள். ஆறு வரை போய் அன்றே திரும்ப நினைக்காதீர்கள்.

மாலையில் ஹோப்பி பாயிண்ட். மார்ச் முதல் நவம்பர் வரை அங்கே போகும் சாலையில் இலவசப் பேருந்து மட்டும்தான். சூரியன் மறைந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேருந்துக்கு ஓடுவார்கள். ஓடாதீர்கள், மறைந்த பிறகு வரும் இருபது நிமிட ஊதா வெளிச்சம்தான் நல்ல பகுதி. வடகரையை இந்த வழியில் சேர்க்கவில்லை. அங்கிருந்த பழைய விடுதி 2025 ஜூலைக் காட்டுத்தீயில் எரிந்துபோனது, எதிரே தெரிகிறதே என்று நினைத்தாலும் காரில் சுற்றிப் போக நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஒன்பதாம் நாள்: திரும்பும் வழி

450 கிலோமீட்டர், நான்கரை மணி நேரம். 1926-இல் அமைந்த ரூட் 66 நெடுஞ்சாலையின் மிச்சம் ஓடும் செலிக்மனில் ஒரு காப்பி குடிக்கலாம். பழைய கார்கள், பலகைகள், பத்து நிமிடம் போதும். ஹூவர் அணைக்கு முன்னால் 2010-இல் திறந்த வளைவுப் பாலத்தில் நடைபாதை உண்டு, அங்கிருந்து அணை முழுசாகத் தெரியும். உயரத்துக்குப் பயந்தவன் என்று சொன்னேன் அல்லவா, நான் காரிலேயே இருந்துவிட்டேன். மனைவி எடுத்த படத்தில் பார்த்துக்கொண்டேன்.

லாஸ் வேகஸ் விமான நிலையத்தை நெருங்குமுன் கடைசிப் பெட்ரோல் நிலையத்தில் நிரப்பிவிடுங்கள். வண்டியைத் திருப்பித் தரும்போது முழு டாங்கி கேட்பார்கள். முக்கால் அங்கே எடுபடாது.